நாய்களின் குடலிறக்கமும் சத்திர வைத்தியமும்

ஆறு வாரக் குட்டி நாயொன்றை மல்லாக்கத் தூக்கிப் பார்த்தால், சிலவற்றின் கொப்பூழிலே நெல்லிக்காய் அளவில் மெத்தென்ற ஒரு புடைப்புத் தென்படும். விரலால் மெல்ல அழுத்தினால் அது உள்ளே போய்விடும். குட்டி குரைத்தாலோ முக்கினாலோ மறுபடியும் வெளியே வந்துவிடும். கொட்டாஞ்சேனையில் ஜெம்பட்டா வீதியை அண்டிய நெருக்கமான குடியிருப்புகளிலாயினும், வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கைகளிலாயினும், இதனைக் காணும் வீட்டார் சொல்லும் விளக்கம் பெரும்பாலும் ஒன்றே: காற்றுப் பிடித்திருக்கிறது என்பர். சில வீடுகளில் ஒரு நாணயத்தைத் துணியிற் சுற்றி அவ்விடத்தில் வைத்துக் கட்டிவிடுவதும் உண்டு. கைக்குழந்தைகளுக்கு நம் பாட்டிமார் செய்து வந்த வைத்தியம் அது. குழந்தையின் கொப்பூழ் பெரும்பாலும் தானாகவே மூடிக்கொள்வதால், நாணயத்துக்கு வீண் புகழ் கிடைத்துவிட்டது. நாய்க்குட்டிக்கோ கட்டு நிற்பதில்லை. நின்றாலும் தோல் புண்ணாவதே மிச்சம்.

அப்புடைப்பிலே இருப்பது காற்று அன்று. வயிற்றின் சுவரில் உள்ள ஒரு துவாரத்தின் வழியாக, உள்ளே இருக்க வேண்டிய கொழுப்போ குடலோ வெளியே எட்டிப் பார்க்கின்றது. இதனையே தமிழில் குடலிறக்கம் என்றும், ஆங்கில வைத்தியத்தில் ஹேர்னியா என்றும் கூறுவர். குடல்தான் இறங்கவேண்டும் என்பதில்லை. கருப்பை, சிறுநீர்ப்பை, ஈரல், இரைப்பை முதலிய எவ்வுறுப்பும் தன் இடத்தை விட்டுப் பெயர்ந்து இவ்வாறு வெளிவரலாம். ஆதலின் பெயர் முற்றும் பொருத்தமானதன்று. எனினும் வழக்கில் ஊன்றிவிட்ட சொல்லை மாற்றுவதனால் நோயாளிக்கு யாதொரு பயனும் இல்லை.

துவிச்சக்கர வண்டி வைத்திருப்போர் இதனை எளிதில் விளங்கிக்கொள்வர். சில்லின் வெளி டயர் ஓரிடத்தில் வெடித்திருந்தால், உள்ளே இருக்கும் ரியூப் அவ்வெடிப்பின் வழியே குமிழ் போலப் பிதுங்கும். அக்குமிழை விரலால் உள்ளே தள்ளிவிடலாம். வண்டி நகர்ந்ததும் அது மீண்டும் வெளியே வரும். டயரின் வெடிப்பை அடைத்தாலன்றி அதற்கு விமோசனம் இல்லை. பிராணியின் உடலில் டயரின் இடத்தில் இருப்பது தசையும் அதனைப் போர்த்திய வலிய நார்ப்படலமும் ஆகும். வெடிப்பை வைத்தியர் வளையம் என்பர். அதன் வழியே பிதுங்கும் மெல்லிய உட்படலம் பை எனப்படும். பையினுள் அகப்பட்டிருப்பது உள்ளடக்கம். வளையம் எவ்வளவு, பையின் நிலை யாது, உள்ளே இருப்பது எது என்னும் இம்மூன்றையும் அறிந்த பின்னரே சத்திர வைத்தியர் கத்தியைக் கையில் எடுப்பார்.

குடலிறக்கம் எல்லாம் ஆபத்தானவை அல்ல. உள்ளே தள்ளினால் போகும் வரையில் அஞ்சவேண்டியது அதிகம் இல்லை. வெளிவந்த குடல் வளையத்தினுள் இறுகிப் போய், தள்ளினாலும் போகாத நிலையை அடையும்போதுதான் நிலைமை மாறுகின்றது. அந்நிலையில் முதலில் நெரிபடுவது நாளங்களே. நாளங்களின் சுவர் மெல்லியது. நாடிகளின் சுவர் தடித்தது. ஆதலால் இரத்தம் உள்ளே வந்துகொண்டிருக்கும், வெளியேற மாட்டாது. குடல் வீங்கும், வீங்க வீங்க வளையம் மேலும் இறுகும், ஈற்றில் நாடியும் அடைபட்டு, அத்துண்டுக் குடல் கருகத் தொடங்கும். நேற்றுவரை மெத்தென்றிருந்த புடைப்பு இன்று கல்லைப்போல் இறுகிச் சூடாகி, தொட்டால் நாய் சீறுமாயின், அத்துடன் வாந்தியும் உண்ண மறுத்தலும் காணப்படுமாயின், அது மணித்தியாலக் கணக்கில் பார்க்கவேண்டிய காரியம். நாளை ஞாயிற்றுக்கிழமை, திங்கட்கிழமை பார்ப்போம் என்று ஒத்திப்போடும் வீட்டில் திங்கட்கிழமை நாய் இருப்பதில்லை.

கொப்பூழ்க் குடலிறக்கம் பெரும்பாலும் பிறப்பிலேயே வருவது, பரம்பரையாகத் தொடர்வது. தாய் நாய் கொடியை முரட்டுத்தனமாகக் கடித்து இழுத்ததனால் வந்தது என்று பழி சுமத்துவோர் உளர். அது மிக அரிதாகவே உண்மை. சிறிய துவாரங்கள் ஆறு மாத வயதுக்குள் தாமாகவே மூடிக்கொள்வதும் உண்டு. மூடாவிடினும் ஒரு சிறு கொழுப்புத் துண்டு மாத்திரம் வெளியே நின்று, நாயின் ஆயுள் முழுவதும் தொல்லையின்றி இருந்துவிடுவதும் உண்டு. இங்கே விந்தையான ஒரு செய்தி: மிகப் பெரிய துவாரத்தினும் ஒரு விரல் நுழையும் அளவான துவாரமே அஞ்சத்தக்கது. பெரிய வாயிலில் குடல் தடையின்றிப் போய் வரும். சிறிய வாயிலில் அது நுழைவதே இல்லை. நடுத்தர வாயிலிலே நுழைந்த குடல் திரும்ப வழியின்றிச் சிக்கிக்கொள்ளும். அத்தகைய துவாரத்தை, நாய்க்குக் கருத்தடைச் சத்திர சிகிச்சை செய்யும் அதே வேளையில், அதே மயக்கத்தில் தைத்துவிடுவது வழக்கம். இவ்வகைக் குட்டிகளை வளர்ந்த பின் இனப்பெருக்கத்துக்கு விடலாகாது என்பதனையும் வைத்தியர் வற்புறுத்துவர். விற்பனைக்காகக் குட்டி போடுவிப்போர் காதில் இது எளிதில் ஏறுவதில்லை.

பெண் நாய்களில், சிறப்பாக நடுவயதில் கருத்தடை செய்யப்படாதவற்றில், தொடையும் வயிறும் சந்திக்கும் கவட்டிலே ஒரு வீக்கம் தோன்றுவதுண்டு. பெக்கினீஸ் போன்ற சிறு சாதிகளில் இது மிகுதி. பார்வைக்கு முலைக்கட்டி போன்று இருத்தலால் ஏமாறுவோர் பலர். அதனுள்ளே இருப்பது பல வேளைகளில் கருப்பையே ஆகும். அந்நிலையில் நாய் கருவுற்றால், வயிற்றினுள் வளரவேண்டிய குட்டிகள் தோலுக்கு அடியில் ஒரு பையினுள் வளரத் தொடங்கும். பை இடம் கொடுக்கும் வரையில் வளரும். அதன்பின் தாய்க்கும் ஆபத்து, குட்டிகளுக்கும் ஆபத்து. இதனைச் செப்பனிடும் வைத்தியர் பெரும்பாலும் வயிற்றின் நடுக்கோட்டிலேயே கீறுவார். ஒரே கீறலில் இரு கவடுகளையும் ஆராய்ந்துவிடலாம் என்பது காரணம். ஒரு பக்கம் இறங்கிய நாய்க்கு மறுபக்கமும் பலவீனமாக இருத்தல் கூடும். உறுப்புகளை உள்ளே தள்ளியபின் வளையத்தை முற்றாக மூடிவிடுதலும் கூடாது. குருதிக்கலன்களும் ஒரு நரம்பும் அதன் கீழ்மூலை வழியாகவே போகின்றன. அவற்றுக்கு ஒரு சிறு இடைவெளி விடவேண்டும். அதிகம் விட்டால் குடல் மீண்டும் வரும்; அறவே விடாது இறுக்கினால் இரத்தவோட்டம் தடைப்படும். கைப்பழக்கம் என்பது இத்தகைய இடங்களிலேதான் தெரியும்.

குடலிறக்கம் மனிதர் அறிந்த மிகப் பழைய நோய்களில் ஒன்று. சுசுருதர் தம் நூலில் இதனை ஆந்திர விருத்தி என்னும் பெயரால் வகுத்துள்ளார். பிராணிகளுக்கும் வைத்தியம் வேண்டும் என்னும் எண்ணமும் நம் நாட்டுக்குப் புதிதன்று. கி.மு. 3ஆம் நூற்றாண்டில் அசோகச் சக்கரவர்த்தி பொறிப்பித்த இரண்டாவது பாறைச் சாசனம், மனிதர்க்கும் விலங்குகளுக்குமாக இருவகை வைத்திய வசதிகள் ஏற்படுத்தப்பட்ட நாடுகளை எடுத்துரைக்கின்றது. சோழ பாண்டிய நாடுகளுடன் தாம்பிரபரணி எனப்பட்ட இலங்கையின் பெயரும் அவ்வரிசையில் இடம்பெறுகின்றது. கி.பி. 4ஆம் நூற்றாண்டில் அனுராதபுரத்தில் ஆண்ட புத்ததாச மன்னன் தானே வைத்தியன். வயிற்றில் கட்டியோடு புற்றின் மேல் மல்லாந்து கிடந்த ஒரு நாகத்தைக் கண்டு, யானையினின்றும் இறங்கி, அதன் வயிற்றைக் கீறிக் குணப்படுத்தினான் என்று சூளவம்சம் கூறும். நாகம் நன்றியாக மணியொன்றைக் கொடுத்தது என்னும் பகுதியைக் கதையென ஒதுக்கிவிடலாம். யானைக்கும் குதிரைக்கும் தனித்தனி வைத்தியரை அம்மன்னன் நியமித்தான் என்னும் பகுதி அவ்வாறு ஒதுக்கத்தக்கதன்று. நாய்க்கு வைத்தியர் நியமித்ததாகச் செய்தி இல்லை. படைக்கு உதவாத பிராணி அல்லவா அது!

ஆயினும் குடலிறக்கத்தைத் தைத்து மூடும் வித்தை நிலைபெற்றது 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேதான். அதற்கு முன் இரண்டு தடைகள் நீங்கவேண்டியிருந்தன. வலி என்னும் தடை, 1846இல் அமெரிக்காவின் பொஸ்ரன் நகரில் ஈதர் மயக்கம் பகிரங்கமாகக் காட்டப்பட்டதோடு நீங்கியது. புண் சீழ்பிடித்தல் என்னும் தடையை 1867இல் ஜோசப் லிஸ்ரர் கிருமியொழிப்பு முறையினால் தகர்த்தார். அதே 1867ஆம் ஆண்டிலே இத்தாலியப் போர்க்களமொன்றில் எடுவார்தோ பசினி என்னும் இளைஞர் கவட்டில் துப்பாக்கி ஈட்டியால் குத்துண்டு கிடந்தார். பிழைத்தெழுந்து சத்திர வைத்தியராகிய அவரே, இருபது ஆண்டுகளின் பின் 1887இல், மனிதரின் கவட்டுக் குடலிறக்கத்தைத் தசையடுக்குகளை ஒழுங்குபடுத்தித் தைத்து மூடும் முறையை வெளியிட்டார். குத்துண்ட இடமும் ஆராய்ந்த இடமும் ஒன்றாயிருத்தல் வியப்பே.

அதே 1887ஆம் ஆண்டில் அமெரிக்கரான வில்லியம் ஹோல்ஸ்ரெட் வேறொரு வினாவுக்கு விடை கண்டார். குடலை வெட்டி மீண்டும் இணைக்கும்போது தையல் எதனைப் பற்றி நிற்கின்றது என்பதே அவ்வினா. குடற்சுவரின் படைகளுள் உட்சளிப்படலத்துக்கு அடுத்துள்ள மெல்லிய நார்ப்படையே நூலைத் தாங்கும் வலிமையுடையது என்று அவர் நிறுவினார். அதனை நிறுவ அவர் பயன்படுத்தியவை நாய்களே. நெரிபட்டுக் கருகிய குடலை வெட்டி நீக்கி, நல்ல நுனிகள் இரண்டையும் இணைக்கும் சத்திர வைத்தியர், நோயாளி மனிதனாயினும் நாயாயினும், அப்படையைத் தேடியே ஊசியை ஏற்றுகின்றார். அந்தப் பரிசோதனைச் சாலை நாய்களுக்கு யாரும் பெயர் சூட்டியிருக்க மாட்டார்கள். அவற்றின் வழித்தோன்றல்களுக்கு இன்று கிடைக்கும் வைத்தியத்தை அவை முன்கூட்டியே விலை கொடுத்து வாங்கிவிட்டன என்று சொல்வது பிழையாகாது.

தையல் நூலும் இதில் பெரிய காரியம். நெடுங்காலம் வழங்கிய கற்கற் நூல் ஆட்டின் குடலிலிருந்து செய்யப்பட்டது. உடலினுள் அது விரைவில் கரைந்து வலுவிழக்கும். வயிற்றுச் சுவரின் நார்ப்படலமோ மெதுவாகவே கூடும். முழு வலிமை பெறப் பல மாதங்கள் செல்லும். நூல் முந்திவிட்டால் தைத்த இடம் மீண்டும் பிளக்கும். பல வாரங்களுக்கு வலுவிழக்காது நின்று, ஏறத்தாழ ஆறு மாதத்தில் தானாகவே மறையும் செயற்கை நூல்கள் 1980களில் வந்த பின்னரே இக்கவலை குறைந்தது. பெரிய துவாரங்களுக்கு, மனித வைத்தியத்தில் பயன்பட்ட பொலிபுரொப்பிலீன் வலைத்துண்டு நாய்க்கும் வைத்துத் தைக்கப்படுகின்றது. கிழிந்த சாக்குக்கு ஒட்டுப்போடுவது போன்றதே அது. தசையை வலிந்து இழுத்துத் தைப்பதிலும் ஒட்டுப்போடுவது நன்று என்பது அனுபவத்தில் கண்ட முடிபு. இழுத்துத் தைத்தது நிற்பதில்லை.

இனி, எல்லாவற்றினும் அதிகமாக வீட்டாரை ஏமாற்றும் ஒருவகைக் குடலிறக்கம் உண்டு. அது முதிய ஆண் நாய்களுக்கு, வாலின் கீழே, மலவாயின் ஒரு பக்கத்திலோ இரு பக்கத்திலோ வருவது. வெள்ளவத்தையில் ஒரு மாடிக் குடியிருப்பில் ஒன்பது வயது ஆண் நாய் ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். பிள்ளைகள் இருவரும் கனடாவுக்குப் போய்விட்டனர். நாயைக் கொண்டுவந்து விட்டவன் இளையவன். அம்மாவும் அப்பாவும் அதனுடன் தனியே இருக்கின்றனர். சில மாதங்களாக நாய் மலங்கழிக்க நெடுநேரம் முக்குகின்றது. மலச்சிக்கல் என்று பப்பாசிப் பழமும் விளக்கெண்ணெயும் கொடுக்கப்படுகின்றன. வாலின் அருகே ஒரு வீக்கம் தெரிகின்றது. கொழுப்பு என்று விட்டுவிடுகின்றனர். ஒருநாள் காலையில் நாய் சிறுநீர் கழிக்கக் காலைத் தூக்குகின்றது. ஒரு துளியும் வரவில்லை. மாலையிலும் வரவில்லை. வீக்கம் இரட்டித்திருக்கின்றது. இரவிலே வாந்தி. “வயது போன நாய்தானே, இனி என்ன செய்கிறது?” என்கிறார் அப்பா. அம்மா பதில் சொல்வதில்லை. முச்சக்கர வண்டிக்கு ஆள் அனுப்புகிறார்.

அந்நாயின் உடலில் நடந்தது இதுவே. இடுப்பெலும்பின் பின்வாயிலை ஒரு திரைபோல் மூடி, மலக்குடலைத் தாங்கி நிற்கும் தசைகள் சில உண்டு. நலமடிக்கப்படாத முதிய ஆண் நாய்களில் அத்தசைகள் மெலிந்து தேய்கின்றன. உடற்சுரப்புகளும், முன்னிற்கும் சுரப்பியின் வீக்கமும், இடைவிடாத முக்கலும் இதற்குத் துணைசெய்கின்றன என்பர். தாங்குவார் அற்ற மலக்குடல் பக்கவாட்டில் வளைந்து பையாகின்றது. அதிலே மலம் தேங்குகின்றது. தேங்குவதால் நாய் மேலும் முக்குகின்றது. முக்குவதால் திரை மேலும் கிழிகின்றது. ஏறத்தாழ ஐந்தில் ஒரு நாயிற் சிறுநீர்ப்பையே பின்புறமாக மடிந்து அப்பைக்குள் வந்து விழுந்துவிடும். மடிந்த குழாயினூடே நீர் செல்லாதவாறே சிறுநீரும் செல்லாது. வெளியேறாத பொற்றாசியம் இரத்தத்தில் பெருகி இருதயத்தின் துடிப்பைத் தடுமாறச் செய்யும். நாய் இறப்பது வீக்கத்தினால் அன்று, இதனால்தான்.

இத்தகைய நாயை உடனே மேசையில் ஏற்றி அறுப்பது அறிவீனம். முதலில் குழாய் செலுத்தியோ, அது முடியாதாயின் வீக்கத்தினுள்ளேயே ஊசியேற்றியோ சிறுநீரை வெளியேற்றி, நாளத்தின் வழியே நீரூட்டி, இரத்தத்தைச் சீர்செய்வர். பின்னரே சத்திர சிகிச்சை. நாயைக் குப்புறக் கிடத்தி, பின்புறத்தை உயர்த்தி, வாலை முதுகின் மேலாக முன்னே இழுத்துக் கட்டி, மலவாயைத் தற்காலிகமாகச் சுருக்குத் தையலிட்டு மூடிவிடுவர். பழைய முறையில், தேய்ந்து நின்ற தசைகளையே மலவாய்த் தசையுடன் இழுத்துத் தைத்தனர். பலமற்றதைப் பலமற்றதோடு கட்டியது எவ்வளவு நாள் நிற்கும்? பல நாய்களில் அது மீண்டும் வந்தது. 1980களில் பரவிய முறையோ வேறு. இடுப்பெலும்பின் தளத்தில் விசிறிபோல் விரிந்து கிடக்கும் ஒரு தசையை எலும்பிலிருந்து உரித்தெடுத்து, மேலே திருப்பி, துவாரத்துக்குக் கதவாக வைத்துத் தைத்தனர். அத்தசை தேயாதது, அது போனதனால் நாய் நொண்டுவதும் இல்லை. மலவாயை ஒட்டிய இவ்விடத்தில் அபாயங்களும் இல்லாமல் இல்லை. பக்கத்திலே ஒரு தடித்த தசைநாரும், அதனை ஒட்டிக் காலுக்குச் செல்லும் பெருநரம்பும் உள்ளன. ஊசி அந்நரம்பைச் சுற்றிவிட்டால் மயக்கம் தெளிந்த நாய் காலை ஊன்ற மாட்டாது. உடனே அத்தையலை அவிழ்க்க வேண்டும். புண் மலத்துக்கு அண்மையில் இருத்தலால் சீழ்பிடித்தலும் எளிது.

அதே வேளையில் நாயை நலமடித்தும் விடுவர். இதனைச் சொன்னதும் முகம் சுளிக்கும் வீட்டுத் தலைவர்கள் அனேகர். வயதான காலத்தில் ஏன் இந்தக் கொடுமை என்பர். நாயின் ஆண்மைக்காக அவர்கள் படும் கவலை நாய் படுவதாகத் தெரியவில்லை. நலமடிக்காது விட்ட நாய்களில் குடலிறக்கம் திரும்ப வருவது அதிகம் என்பது வைத்தியர் பல காலமாகக் கண்ட உண்மை. இளமையிலேயே நலமடிக்கப்பட்ட ஆண் நாய்க்கு இந்நோய் வருவதே அரிது.

வேறு ஒரு குடலிறக்கம் தெருவிலே பிறப்பது. காலி வீதியைக் குறுக்கே கடக்கும் நாயை ஒரு வாகனம் இடித்துத் தள்ளுகின்றது. அடிபட்ட கணத்தில் வயிற்றினுள்ளே அமுக்கம் திடீரென உயர, மார்பையும் வயிற்றையும் பிரிக்கும் பிரிமென்றகடு கிழிந்துவிடுகின்றது. ஈரல் மார்பினுள்ளே ஏறும்; அதனைத் தொடர்ந்து குடலும் இரைப்பையும் ஏறலாம். வெளியே ஒரு கீறலும் இராது. நாய் எழுந்து நொண்டிக்கொண்டு வீடு வந்துவிடும். தப்பிவிட்டது என்று அயலார் மகிழ்வர். அதன்பின் அது படுக்க மறுத்து, முழங்கைகளை அகற்றி நின்றபடியே மூச்சு வாங்கும். சில நாய்கள் வாரக் கணக்கில் ஒன்றும் காட்டாதிருந்து பின்னர் இளைப்பதும் உண்டு. எக்ஸ் கதிர்ப் படமே உண்மையைச் சொல்லும்.

இங்கே வயிற்றைத் திறப்பது மார்பையும் திறப்பதாகும். வயிறு திறந்த கணமே நாய் தானாக மூச்சுவிட இயலாததாகிவிடும். தொண்டையிற் செலுத்திய குழாயின் வழியே ஒருவர் பையை அமுக்கி அமுக்கி ஒட்சிசன் ஊட்டவேண்டும். தைப்பவரின் கையிலும் அமுக்குபவரின் கையிலேயே நாயின் உயிர் அதிகம் தங்கியிருக்கின்றது. நெடுநாள் சுருங்கிக் கிடந்த நுரையீரலை ஒரே மூச்சில் ஊதி விரிக்கவும் கூடாது. அதனுள் நீர் கோத்துக்கொள்ளும். விபத்து நிகழ்ந்து ஒரு நாள் முழுவதும் கழிந்த பின்னரே அறுக்கவேண்டும் என்று முன்னர்ப் போதிக்கப்பட்டது. அண்மைக் கால ஆய்வுகள் அவ்விதியைத் தளர்த்திவிட்டன. நாயின் நிலை சீரடைந்ததும், முதல் நாளிலேயே செய்தாலும், பத்தில் ஒன்பது அளவில் பிழைக்கின்றன. இரைப்பை மார்பினுள் ஏறிக் காற்றால் ஊதிவிட்டதாயின் காத்திருப்பதற்கே இடமில்லை.

கொழும்பில் இவ்வகைச் சத்திர சிகிச்சைகளின் பின்னணி கடந்த சில தசாப்தங்களில் மாறிவிட்டது. இலங்கையில் மிருக வைத்தியப் பட்டப்படிப்பு 1947இல் கொழும்பிலே தொடங்கிப் பின்னர் பேராதனைக்குச் சென்றது. தொடக்க காலத்தில் மிருக வைத்தியர் என்றால் மாடும் குதிரையும் பார்ப்பவர் என்றே பொருள். கட்டாக்காலி நாய்க்கு மாநகரம் அளித்து வந்தது வைத்தியம் அன்று, மரணமே. விசர்நாய்க் கடிக்கு அஞ்சிய அதிகாரிகள் வேறு வழி காணவில்லை. 2006இல் அரசாங்கம் அக்கொலைகளை நிறுத்த முடிவு செய்தது. 2007 முதல் கொழும்பு மாநகர சபையும் புளூ போ ட்ரஸ்ட் என்னும் அமைப்பும் சேர்ந்து, தடுப்பூசி ஏற்றல், பெண் நாய்களுக்குக் கருத்தடை செய்தல், பாடசாலைப் பிள்ளைகளுக்கு அறிவூட்டல் ஆகியவற்றை நகரெங்கும் நடத்தின. ஆயிரக்கணக்கான நாய்களின் வயிறு திறக்கப்பட்டு மூடப்படும் இடங்களில் வைத்தியருக்குக் கிடைக்கும் கைப்பழக்கம் எத்தகையது என்பதை விளக்க வேண்டியதில்லை. கொப்பூழிலே துவாரம் உள்ள தெரு நாய் மேசைக்கு வந்தால், கருத்தடையோடு அதுவும் தைக்கப்பட்டுவிடும். தனியாக அதற்கென்று பணம் கட்டி அழைத்துவர அதற்கு யார் இருக்கிறார்?

மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். வயிறு திறக்கப்பட்ட எந்த நாய்க்கும், தைத்த இடத்திலேயே புதிதாகக் குடலிறக்கம் வருதல் கூடும். நூல் கொழுப்பைப் பற்றி நார்ப்படலத்தைத் தவறவிட்டிருந்தால் வரும். சீழ்பிடித்தால் வரும். அதற்கு வீட்டாரே காரணமாவதும் அருமையன்று: நாய் உற்சாகமாக இருக்கிறது என்று மகிழ்ந்து, மூன்றாம் நாளே கடற்கரை ரயில் பாதையோரம் ஓடவிட்டால், தையல் என்ன செய்யும்? கழுத்திலே கூம்பு வடிவான காப்பைக் கட்டினால் பாவம் என்று இரவில் கழற்றிவிடும் இரக்கமும் இவ்வகையைச் சேர்ந்ததே. இரண்டு மணி நேர நக்கல், தையலின் இரண்டு முடிச்சுகளுக்குப் போதும்.

ஆகவே, பத்து முதல் பதினான்கு நாள்வரை, தையல் பிரிக்கும் வரையில், நாயை வாரிலே பிடித்துச் சிறிது தூரம் மட்டும் நடத்துதல் வேண்டும். மாடிக் குடியிருப்பாயின் படிகளில் தூக்கிச் செல்லவேண்டும்; தூக்கும்போது ஒரு கை மார்பின் கீழும் ஒரு கை தொடைகளின் பின்னும் இருக்கவேண்டுமேயன்றி, வயிற்றைச் சுற்றி இறுக்கலாகாது. நனையலாகாது, குளிப்பாட்டலாகாது. மனிதர் விழுங்கும் வலி மாத்திரைகளை அளவறியாது கொடுத்தல் பெருந்தவறு. அவற்றுள் இபுபுரூபன் போன்றவை நாயின் இரைப்பையில் புண்ணுண்டாக்கிச் சிறுநீரகத்தையும் கெடுக்கும். காலையிலும் மாலையிலும் தையலைப் பார்த்து, சிவப்பு, ஈரம், புதிய புடைப்பு ஏதேனும் உண்டா என்று கவனித்தல் நன்று. சிறிதளவு கடினமான வரம்பு தையலின் வழியே தடவினால் உணரப்படும். அது ஆறிவரும் அடையாளம், அஞ்சவேண்டாம்.

வாலின் அருகே தைக்கப்பட்ட முதிய நாய்க்கு வேறொரு கவனமும் வேண்டும். அது மீண்டும் முக்கலாகாது. எலும்பு கொடுப்பதை அறவே நிறுத்தி, குழைந்த சோற்றுடன் அவித்த பூசணியோ, வைத்தியர் சொல்லும் அளவில் இசப்புகோல் உமியோ கலந்து, நீர் தாராளமாக வைத்தல் வேண்டும். முதல் ஓரிரு நாள் மலம் வராதிருக்கலாம். வரும்போது சிறிது இரத்தம் படிந்தும் இருக்கலாம். சிறுநீர் மட்டும் ஒவ்வொரு நாளும் வந்தாக வேண்டும். மறுபக்கத்திலும் திரை மெலிந்திருந்தால், நாலு முதல் ஆறு வாரங்களின் பின் அப்பக்கத்தையும் தைப்பதற்கு நாளொன்று குறித்துக்கொண்டே வைத்தியர் நாயை வீட்டுக்கு அனுப்புவார்.